நிறுவனர் யார், பயனாளி யார்?

போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அனுப்பியவள் எங்கள் ஊர்ப் பெண். ஆவுடையார்கோவிலிலிருந்து மீமிசல் போகும் சாலையில் உள்ள ஒரு காலனியைச் சேர்ந்தவள், எம்.எஸ்சி நுண்ணுயிரியல் படித்தவள். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். சென்னையில் ஒரு சின்ன உயிர் அறிவியல் கம்பெனியில் இரண்டு வருஷம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறாள். படத்தில் இருந்தது அந்தக் கம்பெனி அச்சடித்த அறிமுகப் புத்தகத்தின் நடுப்பக்கம். மேலே ‘எங்கள் தலைமைக் குழு’ என்று தலைப்பு, கீழே ஐந்து பெண்கள். வெளிநாட்டில் முனைவர் பட்டம் பெற்றவர் ஒருவர், மேலாண்மை படித்தவர் ஒருவர், மூன்றாம் தலைமுறைத் தொழில் குடும்பம் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர் ஒருவர். ‘பெண்களுக்குச் சொந்தமானது, பெண்களால் நடத்தப்படுவது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

படத்துக்குக் கீழே அவள் எழுதியிருந்தது ஒரே வரி: “ஆட்டோக்ளேவ் ரூம்ல நாங்க ஆறு பேர் இருந்தோம்க்கா, அதுவும் ஆறும் பொண்ணுங்கதான்.”

அந்த ஆறு பேரில் நான்கு பேர் நம்மவர்கள் என்று பிறகு போனில் சொன்னாள். கண்ணாடிக் குடுவை கழுவுவது, ஊடகம் கரைப்பது, கிருமி நீக்குவது, தொற்று வந்த தட்டுகளை அப்புறப்படுத்துவது இவர்கள் வேலை. அது தலைமைக் குழுவின் வேலை இல்லை, வாஸ்தவம்தான். ஆனால் எம்.எஸ்சி படித்த இவள் இரண்டு வருஷமும் ஏன் அதே அறையில் இருந்தாள், இவளுக்குப் பிறகு வந்த, இவளைவிடக் குறைவாகப் படித்த ஒரு பெண் ஆறே மாதத்தில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு எப்படிப் போனாள் என்று கேட்டால், “அவங்க நல்லா பேசுவாங்க” என்பதுதான் பதில். நல்லா பேசுவது என்றால் என்ன என்று சமூகவியல் படித்த யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. பூர்தியு அதைப் பண்பாட்டு மூலதனம் என்றார், நம் ஊரில் அதற்குச் சாதி என்று பெயர்.

தம்பி, தங்கைகளே, நான் பேச வந்தது அந்த ஒரு கம்பெனியைப் பற்றி அல்ல. ‘பெண்களுக்குச் சொந்தமானது’ என்ற முத்திரை நம் காலத்தில் என்ன வேலை செய்கிறது என்பதைப் பற்றி.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1978-ல் பெங்களூரில் வாடகை வீட்டின் கார் கொட்டகையில், 10,000 ரூபாய் முதலீட்டில் கிரண் மஜும்தார் ஷா பயோகான் தொடங்கினார். தொழில்முனைவோர் வகுப்பு எதற்குப் போனாலும் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். அவர் பட்ட கஷ்டம் பொய்யில்லை. ஆஸ்திரேலியாவில் பீர் வடிக்கும் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவருக்கு, பெண் என்பதால் மதுபான ஆலைகள் வேலை தரவில்லை. பெண் என்பதாலும், உயிரித் தொழில்நுட்பம் என்றால் என்னவென்றே புரியாததாலும் வங்கிகள் கடன் தரவில்லை. அந்தச் சுவரை அவர் உடைத்தார், அதற்குரிய மரியாதையைக் கொடுத்துவிட்டே மேலே போகிறேன்.

ஆனால் அந்தக் கதையில் வேகமாகக் கடந்துபோகிற பகுதிகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அவர் அப்பா யுனைடெட் புரூவரீஸில் தலைமை மதுவடிப்பாளர். மகளை வெளிநாட்டில் படிக்க அனுப்ப முடிந்த வீடு. அயர்லாந்துக் கம்பெனிக்காரர் கூட்டாளி தேடியபோது அவர் கண்ணில் படுகிற இடத்தில் இவர் இருந்தார். அன்றைய சட்டப்படி அந்நியக் கம்பெனி 30 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்துக்கொள்ள முடியாது, அதனால் பெரும்பங்கு இவர் கைக்கு வந்தது. கடைசியில் கடன் கிடைத்தது எப்படி? ஒரு விருந்து நிகழ்ச்சியில் தற்செயலாக ஒரு வங்கி அதிகாரியைச் சந்தித்ததால். அந்த விருந்துக்கு அழைப்பு இருந்ததே, அதற்கு என்ன விலை? 10,000 ரூபாயைக் கணக்கில் எழுதுகிறார்கள், அழைப்பிதழை எழுதுவதில்லை.

இன்னொன்று. பயோகான் முதலில் ஏற்றுமதி செய்தவை இரண்டு. ஒன்று பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பாப்பைன் நொதி, மற்றொன்று மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும், பீரைத் தெளிய வைக்கும் ஐசிங்கிளாஸ். காயைக் கீறிப் பால் வடித்தவர், மீனைக் கிழித்துப் பையை எடுத்துக் காயவைத்தவர் என்று அந்தச் சங்கிலியின் அடியில் ஆட்கள் இருந்திருப்பார்கள் இல்லையா? அவர்களைப் பற்றி எந்தத் தொழில்முனைவோர் வகுப்பிலும் ஒரு வரி நான் கேட்டதில்லை.

இதே நாட்டில் இன்னொருவரும் ஒரு சின்னக் கம்பெனி தொடங்கினார். கொலம்பியாவில் படித்துத் திரும்பிய பிறகு பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கியவர் அவர். பொருளாதாரத்தில் அன்றைய இந்தியாவில் அவர் அளவுக்குப் படித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். வந்த வாடிக்கையாளர்கள் அவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் விலகிப் போனார்கள், தொழில் படுத்தது. அவர் பெயர் அம்பேத்கர். ‘தகுதி இருந்தால் சந்தை தேடி வரும்’ என்று சொல்கிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

சரி, அது நூறு வருஷத்துக்கு முந்தைய கதை என்பார்கள். 2012-ல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. இந்தியாவின் முன்னணி 1,000 கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். சுமார் 93 சதவீதம் முன்னேறிய சாதியினர், பட்டியல் சாதியும் பழங்குடியும் சேர்ந்து 3.5 சதவீதம். 2007-ல் அதே இதழில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் வெளியிட்ட ஆய்வு, ஒரே தகுதியுள்ள வேலை விண்ணப்பங்களை வெவ்வேறு சாதிப் பெயர்களில் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பிப் பார்த்தது. தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. படிப்பு ஒன்று, பெயர் மட்டும்தான் வேறு.

நம் மாநிலத்தில் இப்படி எண்ணிப் பார்ப்பதுகூடக் கஷ்டம். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் தூக்கி எறியச் சொன்னார்கள், நாமும் எறிந்தோம். அது பெருமைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஒரு பக்க விளைவு உண்டு. தலைமைக் குழுவின் படத்தில் ஐந்து பெயருக்கும் இனிஷியல்தான் இருக்கும். வெளியாளுக்கு அவர்கள் ஐந்து தமிழ்ப் பெண்கள், அவ்வளவே. அவர்களுக்குள் யார் யாருடைய சித்தி மகள், யாருடைய மாமனார் ஆலைக்காரர் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். பெயரிலிருந்து சாதி போயிற்று, பங்குப் பத்திரத்திலிருந்து போகவில்லை.

இப்போது வங்கிக்கு வருவோம், ஏனென்றால் நான் நேரில் பார்த்தது அதைத்தான்.

அந்தத் தங்கச்சி ஊருக்கு வந்து சும்மா உட்காரவில்லை. ஒரு திட்டம் போட்டாள். எங்கள் பக்கம் கண்மாய்ப் பாசனம், சம்பா நெல். வருஷா வருஷம் குருத்துப்பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் வரும், மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அடிப்பார்கள். இவள் செய்ய நினைத்தது ட்ரைக்கோகிராமா முட்டை ஒட்டுண்ணி அட்டை. கம்பு மாவில் அந்துப்பூச்சியை வளர்க்க வேண்டும். அதன் முட்டைகளைப் புற ஊதா விளக்கில் காட்டி உள்ளே புழு உருவாகாமல் செய்து, அட்டையில் ஒட்டி, அதன்மேல் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குளவியை முட்டையிட விட வேண்டும். அந்த அட்டையை வயலில் கட்டினால் வெளிவரும் குளவிகள் பயிரைத் தின்கிற பூச்சியின் முட்டையைத் தேடி அழிக்கும். கூடவே டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ். ஓர் அறை, குளிர்சாதனம், லேமினார் ஃப்ளோ, ஆட்டோக்ளேவ். எல்லாம் சேர்த்து 12 லட்சம் ரூபாய். அச்சடித்த திட்ட அறிக்கையோடு இரண்டு பேரும் ஒரு வங்கிக்குப் போனோம்.

மேலாளர் தன்மையாகத்தான் பேசினார். அறிக்கையை இரண்டு பக்கம் புரட்டினார். சொந்த இடம் உண்டா என்றார். வீட்டுமனை ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்தது, பாட்டி பெயரில் இருக்கிறது என்றாள். ஜாமீனுக்கு அரசு ஊழியர் யாராவது உண்டா என்றார். இல்லை. பிறகு சொன்னார்: “ஏம்மா, இதெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்க பண்றது. ஆடு வளர்ப்பு, தையல் இந்த மாதிரி எதாச்சும் எழுதிக்கிட்டு வா, குழுவுல சேர்ந்து வந்தா இந்த மாசமே போட்டுத் தர்றேன்.”

எம்.எஸ்சி நுண்ணுயிரியலுக்கு ஆடு. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று நான் நம்புகிறேன், அதனால்தான் அது இன்னும் மோசம். காலனிப் பெண் என்றதும் அவர் மனதில் ஓர் ஆடும் ஒரு தையல் மிஷினும்தான் வந்து நிற்கின்றன. நிறுவனர் என்ற சொல்லோடு அந்த முகம் அவருக்குப் பொருந்தவில்லை. அவருடைய படிவத்தில் அவளுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: பயனாளி.

(எங்கள் ஊர்க் கோயில் கதை உங்களுக்குத் தெரியும். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் இங்கே திருப்பெருந்துறையில் கோயில் கட்டச் செலவழித்தார். ராஜா கணக்குக் கேட்டபோது இறைவனே வந்து நரியைப் பரியாக்கிக் கணக்கு முடித்தான். பெரிய மனிதர் என்றால் இறைவனே ஜாமீன் போடுவான். இவளுக்கு 15 சதவீத மார்ஜின் தொகைக்குக் கையெழுத்துப் போட ஆள் இல்லை.)

இது ஒரு மேலாளரின் குணம் என்று விட்டுவிடலாமா? எண்ணிக்கையைப் பாருங்கள். 2016 ஏப்ரலில் ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம் வந்தது. ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்கும், குறைந்தது ஒரு பெண்ணுக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை புதுத் தொழிலுக்குக் கடன் தர வேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது. நாட்டில் 1.25 லட்சம் கிளைகள் என்று அரசே சொன்னது. ஆக இரண்டு பக்கமும் குறைந்தது 1.25 லட்சம் பேர். ஏழு வருஷம் கழித்து 2023 மார்ச்சில் அரசு வெளியிட்ட கணக்கு: மொத்தம் 1,80,636 பேர். அதில் பெண்கள் 1,44,787. பட்டியல் சாதி 26,889. பழங்குடி 8,960. பெண்கள் பகுதியில் இலக்கைத் தாண்டிவிட்டார்கள், நல்லது. பட்டியல் சாதியும் பழங்குடியும் சேர்ந்து 35,849, இலக்கில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு கிளைக்கு ஒரே ஒரு ஆள் என்ற கணக்கில், ஏழு வருஷத்தில் இதுதான்.

ஒரே அறிவிப்பு, அதே மேலாளர்கள், அதே படிவம். ஒரு பத்தி நிரம்புகிறது, பக்கத்துப் பத்தி காலியாகக் கிடக்கிறது. அந்த 1,44,787 பெண்களில் தலித் பெண்களும் இருக்கலாமே என்பீர்கள். இருக்கலாம். ஆனால் அவர்களைப் பிரித்துக் காட்டும் பத்தி அந்தக் கணக்கில் கிடையாது. 2025 பட்ஜெட்டில் புதிதாக அறிவித்தபோதும் பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டி, முதல்முறை தொழில் தொடங்கும் 5 லட்சம் பேருக்கு 2 கோடி ரூபாய் வரை கடன் என்றார்கள். மூட்டையைப் பிரிக்கும்போது யார் கையில் என்ன வரும் என்பதை மேலே உள்ள கணக்கே சொல்கிறது.

1995-ல் கோபால் குரு எழுதிய கட்டுரை ஒன்று உண்டு, தலித் பெண்கள் வேறு விதமாகப் பேசுகிறார்கள் என்பது அதன் தலைப்பு. எம்.ஏ. முதலாண்டில் அதைப் படித்தபோது எனக்கு அது கோட்பாடு. வங்கி மேலாளர் ஆடு என்று சொன்ன அன்றுதான் அது எனக்கு உறைத்தது.

நம் பெண்கள் உயிர் அறிவியல் செய்யவே இல்லையா என்றால், முப்பது வருஷமாக இந்த மாநிலத்தின் ஏழைப் பெண்கள் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். திண்டுக்கல் மாவட்டம் கன்னிவாடிப் பக்கம் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பயிற்சி கொடுத்து, கிராமத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து இதே ட்ரைக்கோகிராமா அட்டைகளைத் தயாரித்தார்கள். எங்கள் மாவட்டக் கடற்கரையிலும் ராமநாதபுரத்திலும் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மூங்கில் மிதவையில் கப்பாபைகஸ் கடற்பாசி கட்டுகிறார்கள், 45 நாளில் அறுவடை. தொழில்நுட்பம் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தினுடையது. உரிமம் முதலில் பெப்சிக்குப் போனது, 2008-ல் அந்தத் தொழிலை அக்வாஅக்ரி என்ற கம்பெனி எடுத்துக்கொண்டது. பாசியிலிருந்து கராஜீனனும் பயிர் ஊக்கியும் வருகின்றன. கட்டும் பெண்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று காசு. (அவர்களில் பெரும்பாலோர் மீனவப் பெண்கள், தலித்துகள் அல்ல. இருந்தாலும் உரிமம் யார் பெயரில், உடம்பு நனைவது யாருக்கு என்ற கேள்வி ஒன்றுதான்.)

இதே மாநிலத்தில் சிறுசேரியில் சுதந்திரப் பொன்விழாவின் பெயரால் பெண்களுக்கென்றே ஓர் உயிரித் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. 20 ஏக்கர். மத்திய, மாநில அரசுகளின் பணம், அதற்கு யோசனை தந்ததும் அதே சுவாமிநாதன் நிறுவனம். பட்டம் பெற்ற நகரத்துப் பெண்ணுக்குப் பூங்கா, கிராமத்துப் பெண்ணுக்கு மகளிர் குழு. முன்னவர் தொழில்முனைவோர், பின்னவர் பயனாளி. இருவர் கையிலும் இருப்பது அதே குளவி, அதே பூஞ்சணம்.

பெயர் மாறினால் என்ன என்று நினைக்காதீர்கள். டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் போன்ற நுண்ணுயிர் மருந்துகளைக் கடையில் விற்க வேண்டுமானால் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மத்திய வாரியத்தில் பதிவு வேண்டும். ஆய்வறிக்கை, நச்சுத்தன்மைச் சோதனை என்று அதற்கு ஆகும் செலவைக் கம்பெனி தாங்கும், குழு தாங்காது. ஆக, செய்யத் தெரிந்த பெண் தன் ஊர் எல்லைக்குள் நின்றுவிடுவாள். பதிவு வாங்கிய கம்பெனி அவளிடமே வந்து டப்பாவில் விற்கும். தரக் கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, போலி மருந்தால் அழிந்த வயல்களையும் பார்த்திருக்கிறேன். அந்தச் சோதனைச் செலவை அரசு ஏற்கட்டும் என்கிறேன். கம்பெனிகளுக்கு பைராக் மூலம் 50 லட்சம் ரூபாய் வரை திரும்பக் கேட்காத மானியம் கொடுக்கும் அரசுதானே இது.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு நினைவு இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் கல் குவாரிகளை அதில் உடைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தார்கள். கொத்தடிமையாக இருந்தவர்கள், தலித் பெண்கள் பலர். அறிவொளி இயக்கத்தில் எழுத்தும் சைக்கிளும் கற்றுக்கொண்ட அதே பெண்கள் கணக்கு எழுதினார்கள், லாரி பேசினார்கள், வீட்டில் சேமிப்பு என்று ஒன்று உருவானது. பிறகு ஒப்பந்ததாரர்கள் திருப்பி அடித்தார்கள். அதிகாரிகள் மாறினார்கள், குத்தகைகள் கைமாறின. பி. சாய்நாத் அதை எழுதியிருக்கிறார், தேடிப் படியுங்கள். புதுக்கோட்டைப் பெண்களுக்குக் கம்பெனி நடத்தத் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். நடத்தினார்கள், பிறகு பிடுங்கிக்கொண்டார்கள்.

உயிர் அறிவியல் நம் மாவட்டத்து தலித் குடியிருப்புக்குள் வந்த நாள் ஒன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. 2022 டிசம்பரில் வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். 2023-ல் டி.என்.ஏ. சோதனைக்கு என்று ரத்தம் கேட்டு வந்தார்கள், அந்தத் தண்ணீரைக் குடித்த மக்களிடமே. சிலர் கொடுக்க மறுத்தார்கள். 2025 ஜனவரியில் அதே ஊர் தலித்துகள் மூன்று பேர் மீதே சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதை ஏற்க முடியாது என்று இயக்கங்கள் சொன்னோம், இன்றும் சொல்கிறோம். அறிவியலுக்கு நாம் மாதிரிகளாக, பயனாளிகளாக, குடுவை கழுவுகிறவர்களாக மட்டும் தேவைப்படுகிறோம் என்றால், எந்த ஆய்வகத்தின் முடிவை நாங்கள் எங்களுடையது என்று நம்புவது?

இப்போது ஒரு குரல் கேட்கும். ‘பெண்களே இப்போதுதான் மேலே வருகிறார்கள், அதற்குள் சாதியைக் கொண்டுவந்து பிரிக்கிறீர்களே’ என்று. என்னிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறார்கள், பெண்ணியத் தோழர்களே சொல்லியிருக்கிறார்கள். பிரித்தது நாங்கள் அல்ல, தோழி. ஆட்டோக்ளேவ் அறைக்கும் நடுப்பக்கப் படத்துக்கும் நடுவில் கதவு ஏற்கெனவே இருந்தது. அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு அது கண்ணில் படவில்லை.

நம் பக்கத்திலும் ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அரசு வேலை, இடஒதுக்கீடு, வன்கொடுமைச் சட்டம் என்றால் நம் தோழர்கள் இரவோடு இரவாகப் போஸ்டர் ஒட்டுவார்கள். கம்பெனி, பங்கு, கடன் என்றால் ‘அது முதலாளித்துவம்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த விவாதம் நடக்கட்டும், எனக்கும் அதில் கருத்து உண்டு. ஆனால் மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம், அதிகபட்சம் 1.5 கோடி ரூபாய் என்று 2023 முதல் இருப்பது உங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் ஊரில் நான் விசாரித்தபோது தெரிந்தவர்கள் இரண்டு பேர், இருவரும் ஆண்கள், ஒருவர் ஜே.சி.பி. வாங்கியிருந்தார். தலித் என்றால் ஆண், பெண் என்றால் மேல்சாதி என்று இரண்டு வரிசை நிற்கிறது. அவள் எந்த வரிசையில் நிற்பாள்?

அதனால் மாணவர்களுக்கு ஒரு வேலை. தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று மனு போடலாம், மனுவுக்குப் பத்து ரூபாய். சிறுசேரிப் பூங்காவில் தொடங்கிய நாளிலிருந்து இடம் பெற்ற கம்பெனிகளில் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள் நடத்தியவை எத்தனை? பைராக் தமிழ்நாட்டுக்குக் கொடுத்த மானியங்களில் எத்தனை? ஸ்டாண்ட் அப் இந்தியாவில் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிளை வாரியான கணக்கு, தலித் பெண்களைத் தனிப் பத்தியில் போட்டு. ‘அப்படிப் பிரித்து வைத்திருக்கவில்லை’ என்று பதில் வந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள், மேல்முறையீட்டுக்கு உதவும். மனு எழுதத் தெரியாதவர்கள் எனக்கு எழுதுங்கள், உட்கார்ந்து எழுதுவோம்.

தங்கச்சி ஆட்டுக்கடன் வாங்கவில்லை. மாவட்டத் தொழில் மையத்தில் அடுத்த செவ்வாய்க்கிழமை நேர்காணல். வீட்டுத் திண்ணையில் நாலு தட்டில் கம்பு மாவு பரப்பி அந்துப்பூச்சி வளர்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் அம்மா, “ஊரே பூச்சியக் கொல்லுது, இவ வளக்குறா” என்று வருகிறவர்களிடமெல்லாம் புலம்புகிறார். முதல் அட்டையைக் கட்டுவதற்கு வயல் வேண்டும், எங்களுக்குச் சொந்த வயல் இல்லை. குத்தகைக்குப் பயிர் வைத்திருக்கும் ஒரு மாமாவிடம் கேட்டிருக்கிறோம், அவர் நிலக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.